இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன், எல்லோரும் பாஸ். லைனில் மட்டும் ஒன்றும் மாறவில்லை

சார்ட்_பையன் கேட்டது:

வணக்கம். தரக்கட்டுப்பாட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். எங்கள் ஷாப்பில் முக்கிய வேலை ஷாஃப்ட் கடைசல். வெளிவிட்டம் 25.00 மில்லிமீட்டர், டாலரன்ஸ் (அனுமதிக்கிற வித்தியாசம்) இரு பக்கமும் 0.05. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஆறு சிஎன்சி லேத், மூன்று ஷிப்ட். ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு நான்கு என்று ரொம்ப நாளாக அசையாமல் நிற்கிறது. "இனிமேல் எல்லாம் டேட்டாவை வைத்துத்தான், ஆட்களுக்குப் பயிற்சி கொடு" என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

மூன்று பேட்ச்சாக 36 பேருக்கு இரண்டிரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். 140 ஸ்லைடு. சராசரி, திட்ட விலக்கம், ஹிஸ்டோகிராம், பரேட்டோ, ஃபிஷ்போன், கன்ட்ரோல் சார்ட், சிபிகே, எதையும் விடவில்லை. கடைசியில் தேர்வும் வைத்தேன். சராசரி மதிப்பெண் 82. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் ஆகிறது. ரிஜெக்‌ஷன் அதே நான்கு. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் எக்ஸ்-பார் சார்ட் (அளந்த துண்டுகளின் சராசரியைப் புள்ளியாக வைக்கும் தாள்) மாட்டியிருக்கிறேன், ஸ்பெக் கோடுகளை, அதாவது டிராயிங் அனுமதிக்கும் எல்லைகளை, சிவப்பில் பெரிதாகப் போட்டு. மணிக்கு ஒரு தடவை ஐந்து துண்டு அளந்து புள்ளி வைக்க வேண்டும். நேற்றுக் காலை 11 மணிக்கு நான்காம் நம்பர் லேத் பக்கம் போனேன். மதியம் 3 மணி வரைக்கும் புள்ளி வைத்தாகிவிட்டது! அழகாக, நடுக்கோட்டை ஒட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று. எனக்கு வாயே வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வகுப்பை ஐந்து நாளாக்கலாமா? எல்லோரையும் சிக்ஸ் சிக்மா என்கிற தர முறையில் பயிற்சி கொடுத்து கிரீன் பெல்ட் ஆக்கிவிடலாம் என்று மேனேஜர் சொல்கிறார். நல்ல சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய_லேத் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. முன்கூட்டியே சார்ட் நிரப்பியவரை எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தீர்களே, அதுதான் இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்த நல்ல காரியம். உங்கள் பயிற்சியைப் பற்றிக் கிடைத்த ஒரே நிஜமான டேட்டா அவர் கொடுத்ததுதான். 82 அல்ல.

ஆபரேட்டராகச் சேர்ந்து 27 வருடம் ஆகிறது எனக்கு. கடைசிப் பதினோரு வருடம் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. நீங்கள் செய்த தப்பை நானும் செய்திருக்கிறேன். என் ஸ்லைடு உங்களுடையதைவிட அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறையச் சொல்ல இருக்கிறது, வரிசையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சார்ட்டில் ஸ்பெக் கோடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அதை அழியுங்கள். எக்ஸ்-பார் சார்ட்டில் நாம் வைக்கும் புள்ளி ஐந்து துண்டின் சராசரி. தனித்தனித் துண்டுகள் சிதறுகிற அளவுக்குச் சராசரி சிதறாது. ஐந்தின் வர்க்கமூலம், அதாவது 2.24 மடங்கு சுருங்கித்தான் தெரியும். அதனால் சராசரி 25.03 என்று ஸ்பெக்குக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போதே, உள்ளே இருக்கிற ஒரு துண்டு 25.06 ஆக இருக்கலாம். ஆபரேட்டர் சிவப்புக் கோட்டைப் பார்த்து 'நம்ம புள்ளி ரொம்பத் தள்ளி இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பார். நீங்களே அவருக்குத் தப்பான நிம்மதியை மாட்டிவைத்திருக்கிறீர்கள். கன்ட்ரோல் லிமிட், அதாவது வழக்கமான சிதறலின் எல்லை, மெஷின் சொல்வது; ஸ்பெக் டிராயிங் சொல்வது. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் ஆட்கள் டிராயிங்கைத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் திட்டு விழுவது அதற்குத்தான்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். எங்கள் ஷாப்பில் நான் ஸ்லைடை மூடிவைத்துவிட்டு ஆரம்பித்தது அளப்பதிலிருந்து. பேரிங் உட்காரும் இடம், விட்டம் 30, மொத்த டாலரன்ஸே 0.04. தினமும் லைனுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் சண்டை. லைனில் ஓகே, அங்கே போனால் ரிஜெக்ட். பத்துத் துண்டை எடுத்தேன், அடியில் நம்பர் போட்டேன், மூன்று ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஆளுக்கு மூன்று முறை, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கொடுத்து அளக்கச் சொன்னேன். அளக்கும் முறையே எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்கும் சோதனை இது, கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று உங்கள் ஸ்லைடில் கடைசிப் பக்கங்களில் எங்கேயோ இருந்திருக்கும். டாலரன்ஸில் 38 சதவீதத்தை அளக்கும் முறையே விழுங்குகிறது என்று வந்தது. பத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, முப்பதுக்கு மேல் போனால் அந்த அளவையை நம்பக்கூடாது என்பதுதான் வாகனத் துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்கிற கணக்கு. நாங்கள் முப்பத்தெட்டில் உட்கார்ந்துகொண்டு மைக்ரான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஏன் என்று பார்க்க மூன்று பேரையும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி சுற்றி நிற்க வைத்தேன். முதல் ஆள் மைக்ரோமீட்டரின் ராட்செட்டை (அழுத்தம் ஒரே அளவாக இருக்க நுனியில் வைத்த குமிழ்) பிடித்து 'டிக் டிக்' என்று சத்தம் வரும்வரை சுற்றினார். இரண்டாம் ஆள் ராட்செட்டைத் தொடவே இல்லை, அளவு பொறித்த உருளையான திம்பிளை இறுக்கித் திருகினார். இருபது வருடமாக அப்படித்தானாம். மூன்றாம் ஆள் ராட்செட்தான், ஆனால் ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அவரே இன்னொன்றும் சொன்னார்: "நாங்க அளக்கிறது மெஷின் சக்கிலிருந்து எடுத்த சூட்டோட. இன்ஸ்பெக்‌ஷன்ல அளக்கிறது ஆறினப்புறம்." 30 மில்லிமீட்டர் எஃகு 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 7 மைக்ரான் பெருக்கும். 40 மைக்ரான் டாலரன்ஸில் 7 போனது அங்கே. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. புத்தகம் படித்த யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு ஆபரேட்டர் என்னிடம், "இந்தச் சிதறல் எவ்வளவுன்னு ஒரே நம்பர்ல சொல்ல முடியுமா?" என்று கேட்டார். திட்ட விலக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். கேள்வி வராமல் பதிலைக் கொடுத்தால் தேர்வுத்தாளில்தான் நிற்கும்.

அடுத்தது கை அரிப்பு. மன்னிக்கவும், நாங்கள் அப்படித்தான் சொல்வோம். துண்டு 0.01 கூடுதலாக வந்தால் உடனே ஆஃப்செட்டில் (மெஷினுக்குக் கொடுக்கும் திருத்த அளவில்) 0.01 குறைப்பது, அடுத்தது குறைந்தால் திரும்பக் கூட்டுவது. நல்ல ஆபரேட்டர் என்று பெயர் எடுத்தவர்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு அக்கறை அதிகம். தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் புனலிலிருந்து கோலிக்குண்டைக் கீழே போட்டுக் காட்டிய சோதனை இதற்குத்தான்: ஒவ்வொரு தடவையும் விழுந்த பிசகுக்கு ஏற்பப் புனலை நகர்த்தினால், நகர்த்தாமல் விட்டதைவிடச் சிதறலின் வர்க்கம் இரட்டிப்பாகிறது. திட்ட விலக்கமாகப் பார்த்தால் 1.41 மடங்கு.

நான் புனல் வைத்துக் காட்டவில்லை. எங்களிலேயே கை சுத்தமான ஒருவரிடம் போய், "முப்பது துண்டு ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டுங்கள், அடுத்த முப்பது உங்கள் இஷ்டப்படி" என்று கேட்டேன். இரண்டையும் அவர் கையாலேயே கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைக்கச் சொன்னேன். தொடாத முப்பதின் அகலம் 0.02. தொட்ட முப்பது 0.03-ஐ நெருங்கியது. அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், நிஜமாகவே திருப்பினார். பிறகு ஒன்றும் பேசாமல் டீ பிரேக்குக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வேறு மெஷின் ஆளுக்கு அவரே அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் இரண்டு நாள் கத்தியிருந்தாலும் அந்த ஆளிடம் ஏறியிருக்காது.

சாஃப்ட்வேர் கேட்டீர்கள். அமெரிக்கப் பொறியாளர் ஷூஹார்ட் 1924 மே 16-ம் தேதி தன் மேலதிகாரிக்குக் கொடுத்த ஒரு சின்னக் குறிப்பில்தான் கன்ட்ரோல் சார்ட் முதலில் வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டு உலகம் பென்சிலால்தான் போட்டது. ஐந்து துண்டு எடுத்தால் ரேஞ்ச்சின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் வைக்கிறோமே, அந்த எண் வந்ததே ஷாப் ஃப்ளோரில் ஒருவர் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் கையாலேயே கணக்குப் போட முடிய வேண்டும் என்பதற்காக. முதல் ஆறு வாரமாவது பென்சில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் போட்ட கோட்டை யாரும் தன் கோடு என்று நினைப்பதில்லை.

கிரீன் பெல்ட் பற்றி: ஒரு பிராஜெக்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இழுத்துப்போக ஷாப்புக்கு இரண்டு பேர் போதும். மோட்டரோலாவில் 1986-ல் பில் ஸ்மித் ஆரம்பித்து வைத்த சிக்ஸ் சிக்மா நல்ல ஒழுங்குதான், நானே படித்தவன். ஆனால் பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்று ஒப்பிக்கிற பலருக்கு அது உண்மையில் 4.5 சிக்மாவின் (சிக்மா என்றால் திட்ட விலக்கம்) எண், நீண்ட நாளில் நடு நகரும் என்று 1.5 தள்ளி வைத்த கணக்கு என்பதே தெரியாது. முப்பத்தாறு பேரும் அதை ஒப்பித்து நான்காம் நம்பர் லேத்துக்கு என்ன ஆகப்போகிறது?

கடைசியாக ஒரு கேள்வி, இதற்குப் பதில் எழுதுங்கள். புள்ளி லிமிட்டுக்கு வெளியே போனால் உங்கள் ஆபரேட்டர் மெஷினை நிறுத்தலாமா? யாரையும் கேட்காமல்?


இரவு_ஷிப்ட் எழுதியது:

நான் மெஷின் ஓட்டுறவன், அதனால நேரா சொல்றேன்.

நானும் ஒரு இடத்துல முன்னாடியே சார்ட் ஃபில் பண்ணியிருக்கேன். ஏன்னு கேளுங்க. ஆரம்பத்துல ஒழுங்காத்தான் வச்சேன். ஒருநாள் ராத்திரி புள்ளி மேல் லிமிட்டைத் தாண்டிச்சு, உள்ளது உள்ளபடி வச்சேன். வெட்டுற இன்சர்ட்டோட முனை உடைஞ்சிருந்தது, மாத்திட்டேன், மாத்தினதையும் எழுதினேன். காலையில சூப்பர்வைசர் வந்து சார்ட்டைப் பார்த்துட்டு "விளக்கம் எழுதிக் குடு"ன்னார். ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல நின்னு ஒரு பக்கம் எழுதினேன். பக்கத்து மெஷின்ல புள்ளியெல்லாம் நடுவுல அழகா இருந்துச்சு. அவரை யாரும் ஒன்னும் கேட்கல. அவர் அளக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும்.

அடுத்த வாரத்துல இருந்து எனக்கும் எல்லாப் புள்ளியும் நடுவுல. வகுப்புல சொல்லிக்குடுத்ததை நான் மறக்கல. நல்லாப் புரிஞ்சதாலதான் யாரும் சந்தேகப்படாத மாதிரி வைக்கத் தெரிஞ்சது. ஏழு புள்ளி ஒரே பக்கம் வச்சா மாட்டிக்குவோம்னு மேல ஒன்னு கீழ ஒன்னு வச்சேன்.

இன்னொன்னு. ராத்திரி எட்டு மணி நேரம் நின்னுட்டு காலையில வகுப்புல உட்கார வச்சா, எந்தச் சிக்மாவும் தலையில ஏறாது. அந்தப் பேட்ச்சுக்கு எத்தனை மார்க் வந்துச்சுன்னு தனியா பாருங்க. அதிகமா வந்திருந்தா, பக்கத்து ஆளைப் பார்த்து எழுதினதுதான்.


ரத்த_மாதிரி எழுதியது:

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன், லேத் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இரவு_ஷிப்ட் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு லெவி-ஜென்னிங்ஸ் சார்ட், 1950-லிருந்து இருப்பது. தெரிந்த மதிப்புள்ள கன்ட்ரோல் திரவத்தைத் தினமும் ஓட்டிப் புள்ளி வைப்போம். வெளியே போனால் நோயாளியின் ரிசல்ட்டை நிறுத்த வேண்டும். நடப்பது என்ன? வெளியே வந்தால் திரும்ப ஓட்டுவது. திரும்பவும் வந்தால் புதுக் குப்பி திறந்து ஓட்டுவது. உள்ளே வரும்வரை ஓட்டி, உள்ளே வந்ததை மட்டும் சார்ட்டில் வைப்பது. சார்ட் அழகாக இருக்கும். நாங்கள் மாற்றியது ஒரே விஷயம்: ஓட்டியது எல்லாம், முதல் தடவை வந்தது உட்பட, சார்ட்டில் ஏறியே ஆக வேண்டும், வெளியே போன புள்ளிக்கு யாரும் விளக்கம் எழுத வேண்டாம், என்ன செய்தோம் என்று ஒரு வரி போதும். முதல் மாதம் சார்ட் பார்க்கவே பயங்கரமாக இருந்தது. தலைமை அதைப் பார்த்துப் பதறாமல் இருக்க வைத்ததுதான் எங்கள் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

பழைய_லேத் சொன்னதில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. கேள்வி வரும்வரை காத்திருந்து சொல்லிக்கொடுங்கள் என்கிறார். எங்களுக்கு அது சரிப்படாது. இரண்டு எஸ்டியை (திட்ட விலக்கத்தை) தாண்டினால் எச்சரிக்கை மட்டும்தான், மூன்றைத் தாண்டினால் நிறுத்து என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அடிப்படையை வகுப்பில் கொடுத்தே ஆக வேண்டும்.


பழைய_லேத் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் 'எப்போது நிறுத்து' என்பதற்குக் காத்திருக்க முடியாது. எங்களுக்கும் அதே மாதிரி ஒரே தாளில் அடங்குகிற விதி முதல் நாளே உண்டு, எழுதாமல் விட்டுவிட்டேன். நான் தள்ளிப்போடச் சொன்னது சூத்திரங்களை.

இரவு_ஷிப்ட், நீங்கள் எழுதியதை அச்செடுத்து மேனேஜர்கள் பயிற்சியில் முதல் பக்கமாக வைக்க ஆசையாக இருக்கிறது. அவர்களுக்கு நான் சிவப்பு மணி விளையாட்டு வைப்பேன். இதுவும் டெமிங் காட்டியதுதான். 4000 மணி, அதில் 800 சிவப்பு. ஐம்பது குழி உள்ள துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும், சிவப்பு வந்தால் டிஃபெக்ட். என் திருகல் என்னவென்றால், மேனேஜர்களைத் தொழிலாளியாக நிறுத்தி, ஒரு ஆபரேட்டரை சூப்பர்வைசராகப் போடுவேன். ஒரு தடவை ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு 14 சிவப்பு வந்தது. ஆபரேட்டர் நிஜமாகவே கேட்டார்: "பக்கத்து ஆள் ஆறுதான் எடுத்தாரு. உங்களுக்கு மட்டும் ஏன் சார்? கவனம் எங்க இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. பிறகு கணக்குப் போட்டுக் காட்டினேன். சராசரி பத்து, லிமிட் ஒன்றரையிலிருந்து பதினெட்டரை வரை. ஆறும் பதினான்கும் ஒரே பெட்டியின் பிள்ளைகள். யாரும் நல்லவருமில்லை, மோசமானவருமில்லை. மாற்ற வேண்டியது பெட்டியை, பெட்டி மேனேஜருடையது. அந்த வருடம் அவர் ரிஜெக்‌ஷன் விளக்கக் கடிதங்களை நிறுத்தினார். ஒரு மணி நேர விளையாட்டு.


சார்ட்_பையன் எழுதியது:

நான்கு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

முதலில் பழைய_லேத் அண்ணன் கேட்டதற்குப் பதில்: நிறுத்த முடியாது. சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், ராத்திரி ஆறு மெஷினுக்கும் பக்கத்து லைனுக்கும் சேர்த்து ஒரே சூப்பர்வைசர். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. 140 ஸ்லைடில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான்காம் நம்பர் லேத் ஆளிடம் போனேன். சார்ட்டைப் பற்றிப் பேசவில்லை. "உங்களுக்கு இதில் எது தொல்லை?" என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டு, "நீங்க குடுத்த மைக்ரோமீட்டர் பூஜ்யத்துலயே நிக்கல"ன்னார். ராட்செட்டைச் சுற்றி மூடிப் பார்த்தோம், 0.02 காட்டுகிறது. அதாவது அந்த மெஷினில் மூன்று மாதமாக எல்லா அளவும் 0.02 கூடுதலாகக் காட்டியிருக்கிறது. முதல் வாரமே ஸ்டோரில் சொல்லியிருக்கிறார். அளந்து பிரயோஜனமில்லை என்று அதற்கப்புறம் அளப்பதையே விட்டுவிட்டார்.

இரவு_ஷிப்ட் சொன்னபடி அந்த பேட்ச் மதிப்பெண்ணையும் தனியாகப் பார்த்தேன். மூன்று பேட்ச்சிலும் அவர்களுக்குத்தான் அதிகம். வேறென்ன சொல்ல.

அப்புறம் மற்ற ஐந்து மெஷினின் போன மாத லாக் ஷீட்டை எடுத்து, 600 ரீடிங்கைக் கையாலேயே ஹிஸ்டோகிராம் போட்டேன். 25.03-இல் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, 25.04-இல் இன்னும் குறைவு, 25.05-இல் திடீரென்று கோபுரம் மாதிரி எழுகிறது. 25.06-இல் ஒன்றுகூட இல்லை. சுவர் வைத்த மாதிரி. ஆனால் ரிஜெக்ட் தொட்டியிலிருந்து இருபது துண்டு எடுத்து, சரியான மைக்ரோமீட்டரில் அளந்தேன். பாதிக்கு மேல் 25.06, 25.07. தேய்ந்த இன்சர்ட்டை மாற்றாமல் ஓட்டினால் விட்டம் கூடிக்கொண்டுதானே போகும். லாக் ஷீட்டில் அது எங்கேயும் இல்லை.

இந்த ஹிஸ்டோகிராமை மேனேஜரிடம் காட்டலாமா? காட்டினால் ஆபரேட்டர்கள் மாட்டிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.


இரவு_ஷிப்ட் எழுதியது:

மெஷின் நம்பரோட காட்டினீங்கன்னா அடுத்த மாசம் அந்தக் கோபுரம் 25.04-க்கு நகர்ந்திருக்கும். அவ்வளவுதான் நடக்கும்.


பழைய_லேத் எழுதியது:

அவர் சொன்னதுதான். மெஷின் நம்பர், ஷிப்ட், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், 600-ம் ஒரே படமாக இருக்கட்டும். படத்தை அவர் அறையில் வைத்துக் காட்டாதீர்கள். ரிஜெக்ட் தொட்டிப் பக்கம் கூட்டிப்போங்கள். முதலில் தொட்டியிலிருந்து பத்துத் துண்டை அவர் கையாலேயே அளந்து, அவர் கையாலேயே புள்ளி வைக்கட்டும். அதற்கப்புறம் படத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் எதுவும் பேசாதீர்கள். அவர் 'யார் எழுதியது' என்று கேட்டால், 'இன்சர்ட் எத்தனை துண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று நாம் யாரிடமும் சொல்லவே இல்லை சார்' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே?

பூஜ்யம் சரியாக நிற்கிற மைக்ரோமீட்டராகக் கொண்டுபோங்கள். ராட்செட்டை மூன்று கிளிக் விடச் சொல்லுங்கள், மேனேஜர்கள் எல்லோரும் திம்பிளைத்தான் இறுக்குவார்கள்.